இல்லத்துச் சுவரும் அரூப ஓவியமும்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பாசறையிலிருக்கும் தலைவனைப் பிரிந்து வாடும் அரசியின் பள்ளியறையை விரிவாகக் காட்டுகின்றது. அவ்வறையில் ஓவியங்கள் இரண்டு உள. ஒன்று, செம்பினாற் செய்தாலொத்த நெடுஞ்சுவரில் எழுதப்பட்ட பூங்கொடி. மற்றையது, கட்டிலின்மேல் விதானமாகக் கட்டிய மெழுகு பூசிய சீலையில் எழுதப்பட்ட வானகம். மேடம் முதலாகிய இராசிகளிடையே இயங்கும் ஞாயிறும், திங்களைவிட்டுப் பிரியாத உரோகிணியும் அதிலே தோன்றுகின்றன. சுவரிலுள்ள கொடியை அரசி நோக்கினாள் என்று புலவர் கூறவில்லை. விதானத்து உரோகிணியை நோக்கியே அவள் நெட்டுயிர்க்கின்றாள்; அவள் கண்கள் நீர் மல்குகின்றன.

ஓரறையில் உள்ள இவ்விரு ஓவியங்களும் இல்லத்தில் ஓவியம் பெறக்கூடிய இரு நிலைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. சுவரிலுள்ள கொடி அறைக்கு அணி. விதானத்து வானகமோ அறையில் வாழ்பவரின் உள்ளத்தோடு உறவாடுவது. முன்னையது இல்லாவிடின் சுவரின் அழகு குறையும். பின்னையது இல்லாவிடின் அரசியின் துயருக்குச் சான்றாக நிற்பது அவ்வறையில் எதுவுமில்லை. இக்காலத்து இல்லங்களில் இடம்பெறும் ஓவியங்களையும் இவ்வேறுபாடு கொண்டே அளந்தறியலாம்.

எனினும், அரூப ஓவியம் என்று வரும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. அரசியின் துயரைத் தூண்டியது உரோகிணியின் கதை. அரூப ஓவியத்திலே கதையில்லை, உரோகிணியுமில்லை, திங்களுமில்லை. கோடும் நிறமும் வடிவும் அவற்றிடையேயுள்ள வெளியுமே அதன் உள்ளீடு. கதையில்லாத ஓவியம் ஒருவரின் வாழ்க்கைக்குத் துணையாக முடியுமா? அன்றி, அது சுவரிலுள்ள கொடியைப் போல அணியாக மட்டுமே நின்றுவிடுமா? வீட்டுக்கு அரூப ஓவியமொன்றைத் தெரிவு செய்ய முற்படுவோர் தம்மை அறியாமலே இவ்வினாவுக்கு விடை கூறிவிடுகின்றனர்.

இவ்வச்சம் அரூப ஓவியத்தின் முன்னோடிகளையே பற்றியிருந்தது. ரஷ்ய நாட்டவரான வஸ்ஸிலி கண்டின்ஸ்கி, 1911ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியில் வெளியிட்ட கலையில் ஆன்மிகம் பற்றிய நூலிலே, பொருள்களின் உருவத்தை முற்றாகக் கைவிட்டு நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் சேர்த்து வைத்தால், ஓவியம் கழுத்துப்பட்டிக்கும் தரைவிரிப்புக்கும் ஏற்ற வெறும் அலங்காரமாகிவிடக்கூடும் என எச்சரித்தார். எச்சரித்தவரே பின்னர் அவ்வழியிற் சென்றார் என்பது கருதற்பாலது. அச்சத்தை அறிந்தே அவர் அடியெடுத்து வைத்தார்.

அவரது அச்சம் வீண்போகவில்லை. 1951இல் சிசில் பீற்றன் என்னும் புகைப்படக் கலைஞர், ஜக்சன் பொலக்கின் பேரோவியங்களைத் திரையாகக்கொண்டு, அவற்றின்முன் புதுப்பாணி ஆடையணிந்த மங்கையரை நிறுத்திப் படம்பிடித்தார். அப்படங்கள் வோக் என்னும் சஞ்சிகையில் வெளியாயின. 1965இல் பாரிஸ் நகரின் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சென் லோறன், மொண்ட்ரியனின் கட்டங்களையும் நிறங்களையும் சட்டையாகவே தைத்தார். கழுத்துப்பட்டியென்று கண்டின்ஸ்கி அஞ்சியது முழுச் சட்டையாகவே வந்துவிட்டது.

இக்காலத்து இல்ல அலங்கார அறிவுரைகள் இவ்வழியையே எளிமைப்படுத்தித் தருகின்றன. இருக்கையின் நிறத்தைப் பார், திரைச்சீலையின் நிறத்தைப் பார், அவற்றுள் ஒன்றைத் தன்னகத்தே கொண்ட ஓவியத்தை வாங்கு என்பதே அவற்றின் சாரம். விற்பனை நிலையங்களிலும் ஓவியங்கள் நிறத்தின்படியும் நீள அகலத்தின்படியும் வகுத்து வைக்கப்படுதலுண்டு. இவ்வறிவுரையின் குறை அது எளிதாயிருப்பதன்று. அது ஓவியத்தைத் திரைச்சீலையின் ஏவலாளாக்கிவிடுவதே. திரைச்சீலை சில ஆண்டுகளில் வெளிறும், இருக்கையும் மாற்றப்படும். அவற்றுக்காகக் கொள்ளப்பட்ட ஓவியத்துக்கு அதன்பின் அவ்வீட்டில் நிற்பதற்கு நியாயம் யாது? முன்னரே அதனைக் கண்டவர் எவருமில்லை; இருக்கையின் நிறத்தையே அதில் மீண்டுங் கண்டனர்.

பொருத்தம் பார்ப்போருக்கும் மதிப்புக்குரிய முன்னோர் உளர் என்பதை மறுத்தலாகாது. பீற் மொண்ட்ரியன் பாரிஸ் நகரிலே தாம் வாழ்ந்த ஓவியக்கூடத்தின் சுவர்களில் நிறந்தீட்டிய அட்டைகளைப் பொருத்தி, அறை முழுவதையுமே ஓவியத்தின் ஒழுங்குக்குள் அமைத்தார். அவரது இயக்கத்தைச் சார்ந்த றீற்வெல்ட், 1924இல் உட்றெக்ற் நகரிற் கட்டிய வீட்டிலே சுவரும் தளமும் சாளரமும் ஒரே கோட்டொழுங்கில் நிற்கின்றன. ஆயின், இவ்விடங்களில் அறையே ஓவியத்தின் நெறிக்குப் பணிந்தது. ஓவியம் அறைக்குப் பணியவில்லை. பொருத்தம் என்னும் சொல் ஒன்றேயாயினும், எது எதற்குப் பொருத்தப்படுகின்றது என்பதிலேயே முழு வேறுபாடும் தங்கியுள்ளது.

இரண்டாவது தவறு பெயரை நாடுவது. கண் காண்பதற்கு முன்னரே காது கேட்ட பெயருக்காக ஓவியங் கொள்வோர் எந்நாட்டிலும் உளர். விலை உயரும் என்னும் எண்ணமும் இதனோடு சேருமாயின், சுவர் வங்கிப் பெட்டகத்தின் கதவாகிவிடும். இதற்கு மறுதலையாக நியூ யோர்க் நகரத்துத் தம்பதிகளான ஹெர்பேர்ட், டொறதி வோகல் ஆகியோரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டலாம். கணவர் அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் ஊழியர், மனைவி நூலகர். 1962இல் மணஞ்செய்துகொண்ட இவர்கள், மனைவியின் ஊதியத்தில் வாழ்ந்து, கணவரின் ஊதியத்திலே கலைப்பொருள்களை வாங்கினர். இருவரும் தாமே ஓவியந் தீட்டியவர்கள். பிறருடைய ஆக்கங்கள் தம்முடையவற்றினும் மேம்பட்டவை எனக் கண்டு தூரிகையைக் கைவிட்டனர். அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் இரண்டே: விலை ஊதியத்துக்குள் அடங்கவேண்டும், பொருள் தம் சிறிய தொடர்மாடி வீட்டுக்குள் அடங்கவேண்டும். அக்காலத்தில் எளிதிற் புரியாதவையென ஒதுக்கப்பட்ட ஒடுங்கிய கோட்டுச் சித்திரங்களையும் அரூப ஆக்கங்களையும் அவர்கள் பெரிதும் விரும்பினர். வாங்கியவற்றை விற்றுப் பணமாக்காமல், 1992இல் வாஷிங்ரன் தேசிய கலைக்கூடத்துக்கு அளிக்க உடன்பட்டனர். 2008இல் அவர்களின் சேகரிப்பிலிருந்து அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் மாநிலத்துக்கு 50 ஆக்கங்கள் வீதம் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

இவர்தம் வரலாற்றிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. அரூப ஓவியம் செல்வரின் மாளிகைக்கே உரியது என்னுங் கூற்று பொய். கண்ணைப் பயிற்றுவதற்கு வேண்டியது பொருளன்று, காலமும் ஆர்வமுமே. ஆயினும், அவர்களின் வழியைக் குறையின்றிப் போற்றுதற்குமில்லை. சுவர் நிறைந்து, கட்டிலின் கீழும் ஆக்கங்கள் அடுக்கப்பட்ட நிலையில் அவ்வீடு களஞ்சியமாயிற்று. தெரிவு செய்தலைக் கற்பித்த அவர்களே விடுதலைக் கற்பிக்கவில்லை. இல்லத்தில் ஓர் ஓவியத்துக்கு அதனைச் சூழ்ந்த வெறுஞ்சுவரும் இன்றியமையாதது. பாட்டுக்கு இடையிடையே அமைதி வேண்டப்படுவது போன்றதே இதுவும்.

மூன்றாவது தவறு, ஓவியத்தின்முன் நின்றவுடன் ‘இதன் பொருள் யாது?’ என்று கேட்டல். இவ்வினா இயல்பானதே, ஆனால், முதலிற் கேட்கப்படுதற்குரியதன்று. சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராயிருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் ஓவியங்கள் படைத்தார். அவற்றைக் காண்பவருக்குச் சாதகக் குறிப்பும் கணக்கேடும் நினைவுக்கு வரும். கட்டங்களும் எழுத்துப்போன்ற வரிகளும் நெருங்கிக் கிடக்கும். கண் முதலில் அவற்றைப் படிக்க முயலும், முயன்று தோற்கும். தோற்ற பின்னரே கண் காணத் தொடங்கும். வரிகளின் நடை, கட்டங்களின் நெருக்கம், நிறத்தின் ஆழம் ஆகியன அப்போதுதான் புலப்படும். பொருள் தேடும் அவசரத்தில் அங்கிருந்து அகன்றவருக்கு இவையொன்றும் கிட்டா. படித்தல் முடிந்த இடத்திலே பார்த்தல் தொடங்குகின்றது என்பதைப் பணிக்கரின் ஓவியங்கள் காண்பவரையே சான்றாக வைத்து நிறுவுகின்றன.

பொருளைச் சுட்டாத வடிவங்களோடு பழகுதல் தமிழ்க் கண்ணுக்குப் புதியதுமன்று. புள்ளிகளைச் சுற்றி வளைந்து தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோலத்தை நோக்கி, இஃது எதன் உருவம் என்று எவரும் வினவுவதில்லை. எனினும், கோலத்தையும் அரூப ஓவியத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. கோலம் மரபின் பொதுச்சொத்து. நாடோறும் அழிந்து நாடோறும் பிறப்பது. ஓவியமோ ஒரு தனிமனிதரின் துணிவு; ஒருமுறை எழுதப்பட்டு நிலைத்து நிற்பது. கோலம் கண்ணுக்குப் பயிற்சி தரலாம், தீர்ப்பைத் தராது.

தீர்ப்பு எங்ஙனம் பிறக்கும்? இங்கே, இல்லத்துக்கே உரிய இரு செல்வங்களைக் கருத்திற் கொள்ளவேண்டும். அவை காலமும் ஒளியும். காட்சிக்கூடத்தில் ஓவியமொன்றின்முன் எவரும் நெடுநேரம் நிற்பதில்லை. இல்லத்திலோ, விடியலின் சாம்பல் ஒளியிலும் உச்சியின் கூரிய வெளிச்சத்திலும் மாலை மங்கலிலும் ஒரே ஓவியம் ஆண்டுக்கணக்கிற் கண்முன் நிற்கும். கண்டின்ஸ்கிக்கு அரூப ஓவியத்தின் வாயில் திறந்ததே இத்தகைய மங்கலொளியில் என்பது அவரது நினைவுக்குறிப்பினால் அறியப்படும். மியூனிக் நகரிலே, ஒருநாள் அந்தி வேளையிலே, தம் ஓவியக்கூடத்துக்குத் திரும்பிய அவர், இன்ன பொருளென அறியமுடியாத, உள்ளொளி வீசும் அழகிய ஓவியமொன்றைக் கண்டு திகைத்தார். அணுகிப் பார்த்தபோது அது பக்கவாட்டிற் சாய்த்து வைக்கப்பட்ட அவருடைய ஓவியமே எனத் தெரிந்தது. மறுநாட் பகலொளியில் அவ்வனுபவத்தை மீண்டும் பெற முயன்றார். முழுமையாகப் பெற இயலவில்லை. ஒளி மாறும்போது ஓவியமும் மாறுகின்றது. அம்மாற்றத்தைக் காணும் பேறு உடன் வாழ்பவருக்கே உண்டு.

காலத்தையும் ஒளியையும் இங்ஙனம் போற்றிய இல்லத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள கெற்றில்ஸ் யாட். இலண்டன் ரேற் கலைக்கூடத்திற் பணியாற்றியவரான ஜிம் ஈட், பழுதடைந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி, 1957 முதல் அதிலே தம் மனைவியுடன் வாழ்ந்தார். வெள்ளைச் சுவர்கள், பழைய மரத்தளபாடங்கள், கடற்கரையிற் பொறுக்கிய கூழாங்கற்கள் ஆகியவற்றினிடையே பென் நிக்கல்சன் முதலியோரின் ஓவியங்கள் இடம்பெற்றன. பல்கலைக்கழகத் தவணைக் காலங்களிலே பிற்பகல்தோறும் கதவு திறந்திருக்கும்; மாணவர் எவரும் வந்து அமர்ந்து பார்க்கலாம். தம் அறைகளில் மாட்டுதற்கு ஓவியங்களை அவர்கள் இரவலாகவும் பெற்றனர். 1966இல் ஈட் அவ்வில்லத்தைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார்.

அங்கே ஸ்பானிய ஓவியர் ஜோன் மிறோ 1927இல் எழுதிய சிற்றோவியமொன்று உண்டு. விரிந்த வெளியிலே சிதறிய சில புள்ளிகளும் குறிகளுமே அதன் உள்ளடக்கம். மாணவர்களுக்குச் சமநிலையை உணர்த்துவதற்கு அவ்வோவியமே ஈட்டுக்குக் கருவியாயிற்று. மேல் வலப்புறத்துள்ள புள்ளியை அவர் விரலால் மறைப்பார். உடனே எஞ்சியவையெல்லாம் இடப்புறக் கீழ்மூலையை நோக்கிச் சரிவனபோலத் தோன்றும். விரலை எடுத்தவுடன் மீண்டும் அனைத்தும் தத்தம் இடத்தில் நிற்கும். அரூப ஓவியத்தை அளந்தறிவதற்கு இதனினும் எளிய உரைகல் கிடைத்தலரிது. நல்ல ஓவியத்திலே ஒரு புள்ளியை நீக்கினாலும் முழுமை குலையும். தீய ஓவியத்திலே பாதியை நீக்கினாலும் எதுவும் நேராது. வாங்க முற்படுபவர் விரலொன்றைக் கண்ணெதிரே பிடித்து இச்சோதனையைச் செய்துபார்க்கலாம்.

அவ்வோவியத்திலுள்ள மஞ்சட் புள்ளிக்கு எதிரொலியாக, அருகே ஈயக்கலப்புத் தட்டமொன்றில் எலுமிச்சம்பழமொன்றை ஈட் வைத்தார். மேலோட்டமாக நோக்குவோருக்கு இதுவும் இருக்கைக்கு ஓவியம் பொருத்துவது போலத் தோன்றலாம். உண்மையில் இஃது அதன் தலைகீழ். ஓவியத்தில் நெடுநாள் ஊன்றிய கண், அதன் ஒரு புள்ளியின் வலிமையை உணர்ந்து, வீட்டை அதற்கு மறுமொழி கூறச் செய்தது. எலுமிச்சம்பழத்துக்காக ஓவியம் வாங்கப்படவில்லை. ஓவியத்துக்காகவே எலுமிச்சம்பழம் அங்கு வந்தது.

அளவு பற்றியும் ஒரு சொல். சிறிய அறைக்குச் சிறிய ஓவியமே ஏற்றது என்பது பொது வழக்கு. மார்க் ரொத்கோ இதற்கு மாறாக எண்ணினார். அவருடைய ஓவியங்கள் பெரியவை. ஆனால், பெருமிதங் காட்டுதற்காக அவை பெரிதாக்கப்படவில்லை. காண்பவர் ஓவியத்துக்கு வெளியே நின்று அதனை ஒரு பொருளாகப் பாராமல், அணுகிநின்று அதன் நிறத்துக்குள்ளே நிற்றல் வேண்டும் என அவர் விரும்பினார். ஆதலால் பெரிய ஓவியங்களைத் தரையை ஒட்டித் தாழ்வாகவும், மிகையில்லாத ஒளியிலும் மாட்டுமாறு கேட்டுக்கொண்டார். நியூ யோர்க் நகரத்து உயர்தர உணவுச்சாலையொன்றுக்கென 1958இல் ஒப்புக்கொண்ட ஓவியங்களை, அங்குச் சென்று உணவருந்திய பின், அவ்விடத்துக்குத் தர மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றுள் 9 ஓவியங்கள் பின்னர் இலண்டன் ரேற் கலைக்கூடத்துக்கு அளிக்கப்பட்டன. உணவின் சுவைக்குப் பின்னணியாவதற்கு அவர் அவற்றை எழுதவில்லை. வீட்டிலும் உணவு மேசைக்கு எதிரே எதையேனும் மாட்டவேண்டும் என்பதற்காகவே ஓவியந் தேடுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப்பார்த்தல் நன்று.

மேனாட்டு எடுத்துக்காட்டுகளே இவையெல்லாம் எனக் கூறுதற்கில்லை. இலங்கையில் 1943இல் தோன்றிய ‘43 குழு’, நவீன ஓவியத்துக்கு இந்நாட்டில் வேரூன்ற இடம் தேடித்தந்தது. அக்குழுவினருள் ஜோர்ஜ் கிளாசன் அரூப ஓவியத்தின்பாற் சென்றவர். குழுவின் தூணாக விளங்கிய ஹரி பீரிஸ் கொழும்பிலே தாம் வாழ்ந்த இல்லத்தையே அதன் ஆக்கங்களுக்கு உறைவிடமாக்கினார். 1974இல் நிறுவப்பட்ட சபுமல் மன்றம் அவ்வில்லத்திலேயே அவற்றைப் பேணிவந்தது. இந்நாட்டு ஓவியத்தின் பெரும்பகுதியைக் காத்தது அரண்மனையன்று. ஒரு வீட்டுச் சுவரே என்பது மறத்தற்கரிய செய்தி.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தெரிவுக்குரிய நெறி தானே புலப்படும். நிறப்பொருத்தம் ஓவியத்தை அணியாக்கும். பெயர்மோகம் அதனைப் பொருளாக்கும். பொருள்தேடும் அவசரம் அதனைப் புதிராக்கும். இம்மூன்றையும் விலக்கியவருக்கு எஞ்சி நிற்கும் வினா ஒன்றே. இவ்வோவியத்தைக் கடந்த பின்னும் கண் மீண்டும் அதனை நாடித் திரும்புகின்றதா? முதல்நாள் இனித்து ஏழாம்நாள் வெறுமையாவது சுவரிலுள்ள கொடி. முதல்நாள் மௌனமாயிருந்து, நாளடைவில் வாய்திறப்பது விதானத்து உரோகிணி. கதையில்லாத ஓவியமும் உரோகிணியாகலாம். அரசிக்கு ஆயத்தமாய் இருந்த கதை இங்கு இல்லை. உடன்வாழ்பவர் அதன்முன் கழித்த விடியல்களும் அந்திகளுமே அதற்குக் கதையாகின்றன.

ஆயின், ஏழாம்நாள் என்னவாகும் என்பதைக் கடையில் நின்றுகொண்டு அறிவது எவ்வாறு? இவ்விடர்ப்பாட்டுக்கு ஈட் கண்ட வழியே சிறந்தது. மாணவன் ஓவியத்தை இரவல் பெற்று, ஒரு தவணைக்காலம் அதனோடு வாழ்ந்து, பின் திருப்பிக் கொடுத்தான். அதனைத் திருப்பிக் கொடுத்தபோது சுவரில் உண்டான வெறுமையே அவனுக்குத் தீர்ப்பாயிற்று. நூலை இரவல் கொடுக்கும் கல்விக்கூடம் ஓவியத்தையும் இரவல் கொடுத்தற்குத் தடையாதுமில்லை. சித்திரபாடம் பயிலும் மாணவரும் ஊரிலுள்ள ஓவியரும் எழுதியவற்றுள் சிறந்தவை 10 அல்லது 20 நூலகத்தில் ஒரு மூலையிற் பேணப்பட்டு, மாணவர் இல்லங்களுக்கும் ஆசிரியர் இல்லங்களுக்கும் தவணை முறையிற் செல்லுமாயின், ஓவியத்தை விலைகொண்டு அறியாமல் வாழ்ந்தறியும் ஒரு தலைமுறை உருவாகும். ஏட்டிலே கலைவரலாறு கற்றல் வேண்டுவதே. ஆனால், மாலை மங்கலில் வீட்டுச் சுவரிலே ஒரு நிறம் கருநீலமாவதைத் தானே கண்டறிந்த மாணவனுக்கு அவ்வரலாற்றின் ஒரு பக்கம் ஆசிரியரின்றியே விளங்கிவிடும்.